நான்காவது ஊசி

கோபிப் பாலையின் தெற்கு விளிம்பில்,
சீன எல்லைக்கு ஒன்பது கிலோமீட்டர் இப்பால்,
நிலக்கரி லாரிகளை நிறுத்து அனுப்பும் எடைமேடையில்
எனக்கு இரவு வேலை.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது.
திரையில் எண் வரும், பொத்தானை அமுக்குவேன்,
அச்சுப்பொறி கீச்சிட்டு ஓடும்.
நாலு தாள் ஒட்டிய சீட்டைக் கிழித்து
வெள்ளை சுங்கத்துக்கு, மஞ்சள் சுரங்கத்துக்கு,
பச்சை எங்களுக்கு.
கடைசி இளஞ்சிவப்பு ஓட்டுநருக்கு.
அதில் மை படுவதில்லை,
மேலே விழுந்த அடியின் நிழல்தான்.

மறுநடையில் தஷ்னியம் தன் சீட்டை
ஜன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தான்.
“மொத்தம் தொண்ணூற்றிரண்டு. வண்டி முப்பத்துநான்கு.
கழித்தால் ஐம்பதா, முங்துயா?
எந்தப் பள்ளிக்கூடம் உனக்கு?”
மெஷின் போட்ட கணக்கு என்றேன்.
மெஷின் பொய் சொல்லாது என்றும் சொன்னேன்,
இப்போது எழுதக் கூசுகிறது.
அவனுக்குப் பின்னால் பதினாறு ஹாரன்கள்.

நொர்ஜ்மா வந்தது வேறு புகாருக்கு.
எழுத்துகள் வரிக்கு வரி சாய்ந்தன,
காற்று ஒரு பக்கமாய்ப் படிய வைத்த புல்போல.
மூடியைக் கழற்றி, கையுறையைப் பல்லால் உருவி,
“இந்த மோட்டாருக்குக் கண் கிடையாது” என்றாள்.
சுருள் மாற்றிச் சுருளாக மின்சாரம் பாயும்;
அச்சு ஒரு படி திரும்பும், இன்னொரு படி.
எங்கே நிற்கிறோமென்று பார்க்காது, எண்ணும்.
சுவிட்சைப் போட்டதும் ஒரே ஒரு தரம்
இடக்கோடி உணரிவரை போய்
வீடு இதுதான் என்று தெரிந்துகொள்ளும்.
பிறகு முழுக்க நம்பிக்கை.
குளிரில் கிரீஸ் மெழுகாய் இறுகி,
நூறு எண்ணித் தொண்ணூற்றொன்பது நடந்திருக்கிறது.

பெட்ரோல் துணியால் தண்டைத் துடைத்தாள்.
சோதனை அச்சில் எழுத்துகள் நிமிர்ந்தன.
ஆனால் ஒவ்வொரு வரியின் குறுக்கேயும்
தலைமுடி கிடந்ததுபோல் ஒரு வெள்ளை.
“இது எத்தனை நாளாய்?”
தெரியாது. நான் கிழிக்கிறவள், படிக்கிறவள் இல்லை.

ஒன்பது ஊசிகள், ஒவ்வொன்றின் பின்னும்
வளைத்து வைத்த ஒரு தகட்டு வில்.
வளைத்துப் பிடித்திருப்பது காந்தம்.
மின்சாரம் அடிப்பதற்கில்லை, அந்தப் பிடியை அவிழ்க்க.
கண்ணிமையைவிடக் குறைந்த நேரம் சுருள் காந்தத்தை மறுக்கும்,
வில் தெறிக்கும்,
ஊசி நாடாவைக் குத்தித் திரும்புவதற்குள்
காந்தம் மறுபடி கவ்வும்.
நொடிக்கு ஆயிரம் தரம்.

மீட்டரின் இரு முனைகளால் தடவிப் பார்த்தாள்.
சுருளில் உயிர் இருந்தது. பட்டைக் கம்பியில் இருந்தது.
பலகையில் மிளகளவு டிரான்சிஸ்டர் ஒன்று
வெந்து திறந்துகிடந்தது.
“மேலிருந்து நான்காவது ஊசி.
உத்தரவு ஒழுங்காய் வந்துகொண்டுதான் இருக்கிறது,
எடுத்துப் போக ஆளில்லை.”

நான் ஒரு சீட்டின் முதுகில்
எட்டைப் புள்ளிகளாய் வைத்தேன், ஏழு வரிசை.
நான்காம் வரிசையைப் பேனா மூடியால் மறைத்தேன்.
எட்டின் இடுப்பு போயிற்று.
பக்கத்தில் ஒரு பூஜ்யம் வைத்து அதையும் மறைத்தேன்.
இரண்டும் ஒன்று.
ஒரு புள்ளி பிசகாமல் ஒன்று.

ஐம்பத்தெட்டு, தஷ்னியம். ஐம்பத்தெட்டு.
திரை அறிந்திருந்தது, நினைவகம் அறிந்திருந்தது,
ஊசியின் வாசல்வரை வந்து நின்றது எட்டு டன்.

உடைந்த டிக்கெட் மெஷின் ஒன்றின் வயிற்றிலிருந்து
வேறொரு டிரான்சிஸ்டர் எடுத்து,
அடுப்பருகே முட்டிபோட்டுப் பற்றவைத்தாள்.
ஈயப்புகை, கரிப்புகை, அவள் இருமல்.
பிறகு தாள் நிறைய எட்டு அடித்துப் பார்த்தோம்
விடியும்வரை.

அவனிடம் நாற்பத்தொரு சீட்டுகள் இருக்கின்றன.
நொர்ஜ்மா கையெழுத்திட்டு ஒரு பக்கம் எழுதித் தந்தாள்,
கீழே நானும் போட்டேன்.
சுரங்க அலுவலகம் இன்னும் பதில் எழுதவில்லை.

நேற்றிரவு வந்தான். மேடை நடுங்கி நின்றது.
கார்பன் அடுக்கின்மேல் தலை ஓடத் தொடங்குமுன்
ஜன்னலைத் தட்டினான்:
“தொண்ணூற்றொன்றில் முப்பத்துமூன்று.
நீ சொல் முதலில்.”